அறிவிக்க அறியும் அறிவு

பாரத நாட்டுத் தத்துவ நூல்களை ஒருங்கு தொகுத்துச் சுருங்க எடுத்துரைக்கப் புகுவோர் பலர், ஒரு கூற்றினைத் தவறாது எழுதி வருகின்றனர். ஆன்மாவாவது தூய உணர்வே என்பதும், உடல் அவ்வுணர்வை மறைத்து நிற்பதொரு திரை என்பதும், திரை நீங்கியவழி உணர்வு தானே விளங்கும் என்பதும், இம்மூன்றும் இந்து சமயங்கள் எல்லாவற்றிற்கும் ஒப்ப முடிந்தன என்பதும், சமயந்தோறும் காணப்படும் வேறுபாடு சொல்லளவினதே என்பதும் அக்கூற்றின் சாரமாம். பிறமொழியில் எழுதுவோர் இங்ஙனம் எழுதுதல் ஒருபுறம் நிற்க, தமிழில் எழுதுவோரும் அதனையே வழிமொழிகின்றனர். சைவ மேடைகளிலுங்கூடத் தன்னைத் தான் அறிந்தாற் போதும், அதன்மேல் அறியவேண்டுவது யாதுமில்லை எனப் பேசுவார் உளர். கேட்டற்கு இனிதாகிய இக்கூற்று, நூல்களோடு வைத்து நோக்குமிடத்து முதலடியிலேயே இடர்ப்படுகின்றது. முடிவிலோ, சைவ நெறிக்கு உயிர்நாடியாகிய திருவருளை வேண்டாப் பொருளாக்கி விடுகின்றது. ஆதலின் அதன் பொருத்தம் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் சொற்களை நோக்குதல் தகும். மேனாட்டார் உயிர்ப்பொருளையும் அதன் உணர்வையும் குறிக்க வழங்கும் சொற்களை இக்காலத்தார் ஆவி எனவும், நனவு எனவும், பிரக்ஞை எனவும் பெயர்த்து எழுதுகின்றனர். ஆவி என்பது உயிர்ப்பாகிய காற்றிற்கும் உயிருக்கும் பொதுவாய் நிற்பது. பிராணன் வேறு, ஆன்மா வேறு என நாட்டவேண்டிய சாத்திரத்தில் அச்சொல் மயக்கத்தையே விளைக்கும். நனவு என்பது கனவுக்கு மறுதலையாகிய ஓர் அவத்தையின் பெயர்; உறக்கத்திலும் கெடாது அடங்கி நிற்கும் அறிவாற்றலை அது குறிக்கமாட்டாது. தமிழ் வழக்கிலோ, உயிர் என்பதும் அறிவு என்பதும் ஒரு பொருளின் இரு பெயராக எண்ணப்படவில்லை. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. மெய்யால் மட்டும் அறிவனவற்றிற்கு அறிவு ஒன்று. நா, மூக்கு, கண், செவி என்பன முறையே கூடுந்தோறும் அறிவும் ஒவ்வொன்றாக மிகும். மனம் கூடியவழி ஆறாகும். உயிர் என்பது எல்லாவற்றிலும் ஒப்ப நிற்க, கருவி மிகுந்தோறும் அறிவின் விளக்கம் மிகுகின்றது என்னும் நோக்கு இவ்வகுப்பில் அடங்கிக் கிடக்கின்றது. இது சமய நூன்முடிபு அன்றாயினும், உயிருக்கும் அறிவு விளக்கத்திற்கும் இடையே கருவி ஒன்று வேண்டப்படும் என்பதைத் தமிழர் தொன்றுதொட்டே கண்டிருந்தனர் என்பதற்குச் சான்றாம்.

இனி, சமயங்கள் யாவும் ஆன்மாவைத் தூய உணர்வென்றே கொள்ளும் என்பது மெய்யோ எனின், அன்று. நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கன் கூட்டத்தில், வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவழிச் செம்மை தோன்றுமாறு போல, அறிவு தோன்றுமென்ற உலகாயதரையும், கணந்தோறும் தோன்றி மாயும் அறிவின் தொடர்ச்சியே உளது, அதனை உடையான் ஒருவன் இலன் என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளையும் புறச்சமயத்தார் என ஒதுக்கி வைப்பினும், வேதத்தைப் பிரமாணமாகக் கொண்டாருள்ளும் இவ்விடயத்தில் ஒருமை இல்லை. நையாயிகரும் வைசேடிகரும் ஆன்மா நித்தப்பொருள் என்பர். ஆயின் அறிவு அதன் இயல்பன்று, மனத்தின் சேர்க்கையால் அதன்கண் தோன்றி நீங்கும் குணமே என்பர். அவர்கொண்ட முத்தியில் இன்ப துன்பங்களோடு அறிவும் ஒழியும். அம்முத்தியைக் கல்லாதலோடு ஒப்பிட்டு ஏனையோர் நகையாடினர். சாங்கியர் புருடனைத் தூய சித்து என்றனர். அதனொடு புருடர் பலர் என்றும், அவர் செயலற்றவர் என்றும், அறிதற்றொழில் யாவும் சடமாகிய புத்தியின்கண்ணதே என்றும் கூறினர். மீமாஞ்சகருள் பிராபாகரர், அறிவு நிகழுந்தோறும் ஆன்மா அறிவோனாக உடன் விளங்கும் என்றனர். அறிவு தானே விளங்குவதன்று, அனுமானத்தால் உணரப்படும் என்பது பாட்டர் கொள்கை. இராமாநுசர் வழியினர், ஆன்மா அறிவுருவினதாயினும் அறிவைக் குணமாகவும் உடையதென்றும், அக்குணம் பிறவியிற் சுருங்கி வீட்டில் விரியுமென்றும் கொண்டனர். அறிவோன், அறிவு, அறிபொருள் என்னும் பகுப்புத்தானே பொய்யென்றும், பகுப்பற்ற அறிவு ஒன்றே ஆன்மா என்றும், அதுவே பிரமம் என்றும் முடித்தவர் சங்கரர் வழிவந்த ஏகான்மவாதிகள்.

இவற்றுள் இறுதியிற் கூறப்பட்ட ஒன்றன் முடிபையே பொதுமை கூறுவோர் எடுத்துக்கொண்டு, அதனை அனைத்திற்கும் உரிமையாக்கினர் என்பது இதனால் விளங்கும். அம்மதம் தன் நூல்நெறியில் நின்று எய்திய நுட்பத்தை இகழ்தல் ஈண்டுக் கருத்தன்று. ஒரு வீட்டின் பெயரை ஊர்க்குப் பெயராக இடுதலே ஈண்டு மறுக்கப்படுவது. வேறுபாடு சொல்லளவினதாயின், அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் 14 மதங்களைத் தனித்தனியே நிறுவி மறுத்ததும், உமாபதி சிவாசாரியர் 1313ஆம் ஆண்டிற் சங்கற்ப நிராகரணம் செய்து, சைவத்தோடு நெருங்கி நின்ற மதங்களையும் நுணுகி ஆராய்ந்து விலக்கியதும் வீண் உழைப்பாய் முடியும். சிவஞானபோதத்தை ஒய்சிங்டன் என்னும் பாதிரியார் 1854ஆம் ஆண்டிலும், ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் 1895ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டனர். நூல் கிட்டவில்லை என்னும் விடை இக்காலத்துத் தொகுப்பாசிரியர்க்குப் பொருந்தாது என்க.

அற்றேல், இவ்விடயத்திற் சித்தாந்தம் கூறுவது யாது? மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் மூன்றாவதனை ஆன்மாவின் உண்மை நாட்டுதற்கே ஒதுக்கினார். அதன்கண் ஏதுக்கள் ஏழு அடக்கப்பட்டுள. இதுவன்று இதுவன்று என ஒவ்வொன்றாகக் கழித்து இல்லை எனக் கூறும் அறிவு ஒன்று உண்மையின், ஆன்மா சூனியம் அன்று. என் கை, என் உடல் என உடைமையாகக் கூறப்படுதலின் உடல் ஆன்மா அன்று. ஒன்று அறிந்ததனை மற்றொன்று அறியாத ஐம்பொறிகளின் அறிவையும் ஒருங்கு அறிவது ஒன்று உண்மையின் பொறிகள் ஆன்மா அல்ல. அவை அடங்கிய கனவிலும், கனவு நீங்கிய பின்னும் அதனை அறிந்து கூறுவது உண்மையின் நுண்ணுடலும் ஆன்மா அன்று. உறக்கத்திற் பிராணன் இயங்கியும் நுகர்ச்சியும் தொழிலும் இன்மையின் பிராணன் ஆன்மா அன்று. அறிவித்தால் அறிதலின் ஆன்மா பிரமமும் அன்று. பல உறுப்புக்களால் இயன்ற பொறிபோன்ற உடலின்கண் இவையனைத்தினும் வேறாய் நிற்றலின், அவற்றின் கூட்டமும் ஆன்மா அன்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்தியவர், தம் மாபாடியத்துள் இவ்வேதுக்கள் ஒவ்வொன்றும் எவ்வெவ் வாதியை நோக்கியது எனப் பிரித்துக் காட்டியருளினார்.

இவ்வேழனுள் ஐந்தினை ஏனைச் சமயத்தாரும் தத்தமக்கு ஏற்றவாறு கூறுவர். உடல் அன்று, பொறி அன்று, உயிர்ப்பு அன்று என்னும் அளவில் ஏகான்மவாதியும் நையாயிகனும் சாங்கியனும் உடன்படுவர். ஆறாவது ஏது ஒன்றே சித்தாந்தத்தைத் தனியே பிரித்து நிறுத்துவது. அறிவித்தால் அறிதல் என்பது உலகிற் கைக்குழந்தை முதற் பெரும்புலவன் ஈறாக எல்லாரிடத்தும் காணப்படும் நிகழ்ச்சி. அதற்கு மறுதலைக் காட்டு எவரும் காட்டலாகாது. கல்லுக்கு எத்துணை அறிவிப்பினும் அறியாது. ஆதலின் அது சடம். முதல்வன் எவராலும் அறிவிக்கப்படாது எல்லாவற்றையும் இயற்கையாகவே அறிபவன். ஆதலின் அவன் சிவம். தானே அறியாது, அறிவித்தவழி அறிவதொன்று இவ்விரண்டனுள் எதன்பாற்படும்? அறியாமை பற்றிச் சடம் என்றால், அறிவிக்க அறிதல் அதனைத் தடுக்கும். அறிதல் பற்றிச் சிவம் என்றால், அறிவிக்க வேண்டுதல் அதனைத் தடுக்கும். ஆகவே மூன்றாவதொரு பொருள் உண்டு என்பது துணிபு. ஏழாஞ் சூத்திரத்து ஆன்மாவைச் சதசத்து என்றது இதுபற்றியே.

ஈண்டு ஏகான்மவாதியின் தடை ஒன்று எழும். ஞாயிறு மேகத்தால் மறைப்புண்டமை போலத் தூய அறிவு அவித்தையால் மறைப்புண்டது; குரு மொழி மேகத்தை நீக்குங் காற்றேயன்றி ஞாயிற்றிற்கு ஒளி தருவதன்று என்பான். நன்று, அம்மறைப்பு யாருக்கு? தூய அறிவே தன்னை மறந்ததெனின், மறத்தற்கு உரியது தூய அறிவு ஆகாது. மறந்தது மனமெனின், மனம் சடமாதலின் அதற்கு மறப்பும் இல்லை, நினைப்பும் இல்லை; அதற்கு உபதேசம் செய்தல் சுவருக்கு நூல் ஓதுதல் போலும். இரண்டும் அன்று, மறைப்பே பொய்யெனின், பொய்யான நோய்க்கு மெய்யான மருந்து தேடி நூல் செய்ததும், குருவை நாடியதும் எதன் பொருட்டு? மேகம் மறைப்பது ஞாயிற்றை நோக்கும் கண்ணையன்றி ஞாயிற்றை அன்று என்பதை அவ்வுவமை தானே காட்டுகின்றது. மறைப்புண்டது கண், கண்ணுக்கு உரியது உயிர். ஞாயிறாகிய சிவம் எஞ்ஞான்றும் மறைப்புண்டதில்லை.

மற்றொரு தடை எதிர்த்திசையினின்று எழும். அறிவிக்க அறிவது எனின் ஆன்மாவுக்குத் தன்னறிவு இல்லையென்றாகும். அங்ஙனமாயின் அது சடத்தோடு ஒக்கும் என்பர். சைவருள்ளும் சிலர் ஆன்மாவை அறியாமையே உருவாக உடையது எனப் பேசி இத்தடைக்கு இடந்தருகின்றனர். அது பிழை. குருடன் முன் ஆயிரம் விளக்கு ஏற்றினும் அவன் காணான். கண்ணுடையான் இருளில் இருப்பினும் குருடனாகான். காணும் ஆற்றல் கண்ணின்கண் உளது. காண்டல் நிகழ்தற்கு விளக்கொளி கண்ணொளியொடு கலத்தல் வேண்டும். விளக்குக் காட்டிற்று என்பதும் மெய், கண் கண்டது என்பதும் மெய். அதுபோல் அறியும் ஆற்றல் உயிருக்கு உரியது. அஃது அறிவாய் நிகழ்தல் காட்டுவானாகிய முதல்வனால் ஆவது. சித்தாந்த நூலுடையார் ஆன்மாவையும் சித்தென்றே கூறித் தூலசித்து எனவும், சிவத்தைச் சூக்குமசித்து எனவும் வேறு பிரித்தமையின் நுட்பம் இது. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளும் என்பது, பளிங்கிற்குத் தனக்கென ஓர் இயல்பு இல்லை என்பதாகாது. கருங்கல் அந்நிறத்தைக் கொள்ளாமையே பளிங்கின் தனியியல்புக்குச் சான்று.

பொதுமை கூறுவோர் பெரிதும் வழுக்கி வீழும் இடம் துரியம் என்னும் சொல். மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றையும் கூறி, அம்மூன்றற்கும் அப்பாற்பட்ட நான்காவதனை ஆன்மாவின் மெய்ந்நிலையாகக் காட்டும். அதுபற்றித் துரியம் என்று எங்குக் கண்டாலும் தூய உணர்வின் உச்சநிலை எனப் பொருள் எழுதுதல் இக்காலத்து வழக்காயிற்று. சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்துக் கூறப்பட்ட ஐந்தவத்தைகளுக்கு அப்பொருள் பொருந்துமோ என்பதை நோக்குதல் வேண்டும். கீழாலவத்தையில், நெற்றியை இடமாகக் கொண்ட சாக்கிரத்தில் ஆன்மாவோடு கூடித் தொழிற்படும் கருவிகள் 35. ஞானேந்திரியமும் கன்மேந்திரியமும் ஆகிய 10உம் அவ்விடத்தே நின்றுவிட, கண்டத்திற் சொப்பனத்தில் எஞ்சியவை 25. இருதயத்திற் சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என 3. உந்தியில் துரியத்திற் பிராணனும் புருடனும் என 2. மூலாதாரத்தில் துரியாதீதத்திற் புருடன் ஒன்றே. இவ்வாறு கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றவழி ஆன்மா எய்துவது பேரொளி அன்று; ஆணவ இருளே. ஒன்றையும் அறியாது, ஒன்றையும் விரும்பாது, ஒன்றையும் செய்யாது கிடக்கும் கேவலத்தோடு ஒத்த நிலை அது.

துரியம், துரியாதீதம் என்னும் அப்பெயர்களே நின்மலாவத்தையிலும் வரும். ஆண்டு அவை திருவருள் பற்றிய தூயநிலைகளைக் குறிக்கும். பெயர் ஒன்று, பொருளோ பாதாளமும் சிகரமும் போல் எதிரெதிர் நிற்பது. இவ்விரண்டனையும் பிரித்தறியாது கீழாலவத்தைத் துரியாதீதத்தை முத்தி எனப் பெயர்த்தெழுதுவோர், இருளறையை மாளிகை முற்றம் எனக் காட்டியவராவர். இப்பிழை ஏட்டளவில் நிற்பின் கவலை இல்லை. எண்ணத்தை ஒழித்துவிட்டாற் போதும், எஞ்சுவது இறைமையே என்னும் போதனையைக் கேட்டு, மன ஒடுக்கம் ஒன்றனையே வீடெனக் கொண்டு நாட்கழிப்பார் இக்காலத்துப் பலராயினர். கருவிகள் கழலுதல் மட்டும் முத்தியாயின், ஆழ்ந்த உறக்கந்தோறும் உலகோர் அனைவரும் முத்தராவர். கருவி கழன்ற இடத்து அருளைப் பற்றுதல் உண்டாயின் ஒளி. அஃது இல்லாதவழி இருள். சித்தாந்தத்தின் எச்சரிக்கை இதுவே.

உறங்கி எழுந்தான் ஒருவன், நன்றாக உறங்கினேன், ஒன்றும் அறிந்திலேன் என்கின்றான். ஏகான்மவாதி இதனைத் தன் பக்கத்திற்குக் கருவியாக்கி, அறியாமையையும் அறிந்து நின்ற சாட்சியறிவு ஒன்று உறக்கத்திலும் விளங்கிற்று என்பான். சித்தாந்தி கூறுவது வேறு. அவன் உறக்கத்தில் அவ்வாறு கூறவில்லை. விழித்துக் கருவிகளோடு கூடிய பின்னரே கூறுகின்றான். உறங்கியவனும் விழித்தவனும் ஒருவனே என்பது பெறப்படுதலின் ஆன்மா உறக்கத்திலும் உண்டு என்பது உண்மை. ஒன்றும் அறிந்திலேன் என்றமையின், ஆண்டு அதன் அறிவு விளங்கவில்லை என்பதும் உண்மை. உண்மை வேறு, விளக்கம் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றாக்கியதே பொதுக்கூற்றின் அடிப்பிழை எனலாம்.

உண்மைக்கும் விளக்கத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டால், உடலைத் திரையென்று இகழும் வழக்கும் திருந்தும். சித்தாந்தத்தில் மறைப்பது உடலன்று, ஆணவ மலம். மாயையினின்று வந்த தனு, கரணம், புவனம், போகம் என்பன அம்மறைப்பைச் சிறிதே விலக்கி அறிவை எழுப்புதற்கு முதல்வன் அருளிய துணைகள். கலை என்னும் தத்துவம் ஆணவத்தைச் சிறிது நீக்கித் தொழிலாற்றலை விளக்கும்; வித்தை அறிவாற்றலை விளக்கும்; அராகம் விருப்பை எழுப்பும். பொழுது புலருமளவும் இருளிற் கைவிளக்குப் போல உடல் உயிருக்கு உதவுகின்றது. விளக்கு ஞாயிறு ஆகாது. எனினும் ஞாயிறு தோன்றுமுன் விளக்கை அவிப்பவன் அறிவுடையான் ஆகான்.

இக்காலத்து மருத்துவ அறிஞர் கண்டனவும் இந்நெறிக்கு இடையூறு செய்வன அல்ல. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியைச் செலுத்தி நோயாளியை உணர்விழக்கச் செய்து, பலர் காண அறுவை மருத்துவம் நிகழ்வித்தனர். 1929ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு ஆன்சு பெர்கர் என்பார் மனித மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். மூளையின் நிலை மாறின் உணர்வின் நிலை மாறும் என்பதில் இன்று ஐயமில்லை. ஆன்மா உடலை வேண்டாது தானே விளங்கும் தூய உணர்வு என்பார், ஓர் ஆவியின் சேர்க்கையால் அவ்வுணர்வு விளக்கமின்றி அடங்குதற்கு விடைகூற இடர்ப்படுவர். உயிரின் அறிவு கருவி வழியே விளங்குவது என்னும் சித்தாந்திக்கு இதில் இடர் யாதுமில்லை. கருவி தடையுண்டவழி விளக்கமும் தடையுறும் என்பது அவன் முன்னரே கூறியது.

இனி, அதுபற்றி மூளையே உணர்வை ஆக்கிற்று எனத் துணிவார்க்கும் விடை உண்டு. விளக்கை அவித்தவழிக் காட்சி இன்மையான், காண்பது விளக்கே என முடித்தல் அளவை நூலுக்கு ஒவ்வாது. மூளையின் அணுக்களும் மின்னோட்டமும் எவ்வாறு இயங்குகின்றன என முற்றக் கூறினும், அவ்வியக்கத்தோடு நுகர்ச்சி என்பது ஏன் உடனிகழ்தல் வேண்டும் என்னும் வினா எஞ்சி நிற்றலை, டேவிட் சால்மர்சு என்னும் மேனாட்டுத் தத்துவ ஆசிரியர் 1995ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையிற் கடுஞ்சிக்கல் எனப் பெயரிட்டுக் கூறினார். அவர் சித்தாந்தம் கூறினாரல்லர். ஆயின் அறியப்படும் பொருளை எத்துணை நுணுகி அடுக்கினும் அறிவோன் அதனுள் கிடைப்பதில்லை என்பதே மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்தின் நெறியுமாதலின், அவ்வினா எழுந்த இடம் சித்தாந்திக்குப் புதிதன்று.

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் யாது எனின், கூறப்படும். ஆன்மா இயல்பாகவே முற்றறிவாயின், குரு நினைவூட்டுவோன் மட்டுமே ஆவன்; தீக்கை சடங்கேயாம்; திருக்கோயில் வழிபாடு மெய்யறிவு வருமளவும் சிறார்க்குத் தந்த விளையாட்டுப் பொருளாம்; அன்பு என்பதும் இருவர் இன்மையான் ஈற்றில் ஒழியற்பாலதாம். ஆன்மா அறிவிக்க அறியும் அறிவாயின், இவையனைத்தும் மெய்யாகும். அறிவிப்போன் ஒருவன் என்றும் உடன் நிற்றல் வேண்டும். அவன் கண்ணுக்குள் ஒளிபோல் உயிர்க்குயிராய் நிற்பன். உயிர் ஒன்றனை அறியுந்தோறும், அஃது எத்துணைச் சிறு பொருளாயினும், அவன் காட்டக் காண்கின்றது. காட்டுவானைக் காணாது காட்டப்பட்ட பொருளையே கண்டு மயங்குதல் கட்டு. காட்டுவானைக் காண்டல் வீடு. வீட்டிலும் அவன் காட்டுதல் ஒழிவதில்லை. பன்னிரண்டாஞ் சூத்திரம் மலநீக்கம் பெற்றாரையும் அடியார் கூட்டத்தோடு கூட்டித் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுமாறு பணித்தது இதனாலன்றோ? அறிவின் ஆராய்ச்சியிற் புகுந்த நூல் அன்பிலும் வழிபாட்டிலும் முடிந்தது. இடையில் நெறி மாறியதன்று, புகுந்த வாயிலே அத்திசையை நோக்கி அமைந்தது.

சகலாகம பண்டிதர் என்று உலகம் போற்றிய ஒருவர், ஆகமம் அனைத்தும் கற்றவர், மெய்கண்டாருடைய குலகுருவாகவும் இருந்தவர், இளஞ்சிறாராகிய அவர் முன் சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாது என வினாவினார் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. மெய்கண்டார் விடையாக ஒரு சொல்லும் கூறாது, செருக்கோடு நின்ற அவரையே அடிமுதல் முடிவரை நோக்கியருளினார். அந்நோக்கில் பண்டிதர் தம்மைக் கண்டார், திருவடியில் வீழ்ந்தார், அருணந்தி சிவாசாரியர் என எழுந்தார். கல்வி அவரிடம் நிறைந்திருந்தது; அறியும் ஆற்றலும் குறைவின்றி இருந்தது. இல்லாதிருந்தது காட்டுவான் ஒருவனே. தன்னைத் தானே அறிந்தாற் போதும் என்பார் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். தம்மை அறிதற்கும் அவர்க்கு மற்றொருவர் நோக்கு வேண்டியிருந்தது.

திருச்சிற்றம்பலம்.